மணிக்குதிரை

சீமையிலிருந்து ஒரு கமிட்டி கப்பலேறி வந்தது. இந்தியப் பட்டாளம் அடுத்த சண்டைக்குத் தாக்குப்பிடிக்குமா, பிடிக்காதென்றால் என்ன செய்யலாம் என்று பார்த்துச் சொல்ல வந்த கமிட்டி. பெரிய மனிதர்கள் ஊர் ஊராகப் போனார்கள், விசாரித்தார்கள், தாள் தாளாக எழுதினார்கள். எழுதியதன் சாரம், மிருகங்களைக் குறைத்துக்கொண்டு மோட்டார்களைக் கொடுங்கள் என்பது. அது மேலிருந்து படிப்படியாக இறங்கி, 1939-ஆம் வருஷத்து வெயிலில், பெங்களூர் லாயத்தில் கொள்ளு ஊறவைத்துக்கொண்டிருந்த செங்கோடனின் தலையில் வந்து விழுந்தது. கமிட்டிக்காரர்களைக் குறை சொல்லி என்ன செய்வது? அவர்களுக்குச் செங்கோடனையும் தெரியாது, பவுனுவையும் தெரியாது.

செங்கோடனுக்கு நாமகிரிப்பேட்டைக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். இருபது வயதில் பட்டாளத்துக்குப் போனவன், பதினெட்டு வருஷமாகக் கோவேறு கழுதைக் கம்பெனியில் இருந்தான். மலைமேல் சாமான் ஏற்றிப்போகிற கம்பெனி அது. கோவேறு கழுதைக்கு ஒரு குணம் உண்டு. மனிதன் சொன்னாலும் கேட்காது, அடித்தாலும் கேட்காது. ஆனால் கழுத்தில் மணி கட்டிய பெட்டைக் குதிரை ஒன்று முன்னால் போனால், பள்ளமோ பாறையோ, பின்னாலேயே போய்விடும். அந்தக் கம்பெனியின் மணிக்குதிரை நாற்பத்தேழாம் நம்பர். பொன்னை உருக்கி ஊற்றியதுபோல் நிறம், அதனால் செங்கோடன் வைத்த பெயர் பவுனு. ஒன்பது வருஷம் அவள் முதுகில் அவன் முன்னால் போனான், முப்பது கோவேறு கழுதைகள் பின்னால் வந்தன. ஊரில் பெண்டாட்டி பெருமாயியோடு அவன் குடும்பம் நடத்திய நாட்களைக் கூட்டினால் அதில் கால்வாசிகூடத் தேறாது. இதைப் பெருமாயியே அவனிடம் சொல்லிக்காட்டுவாள்.

உத்தரவு வந்ததும் எல்லாம் மளமளவென்று நடந்தன. இளசான கோவேறு கழுதைகள் வடக்கே எல்லைப்புறத்துக்கு ரயிலேறின. பன்னிரண்டு வயது தாண்டியவற்றைச் சுட்டுவிட வேண்டும் என்று சொன்னார்கள். கிழட்டு மிருகங்களை ஏலம் விட்டால் வாங்குகிறவன் வண்டியில் பூட்டி அடித்தே கொல்வான், அதற்குக் குண்டு மேல் என்பது வெள்ளைக்காரனின் கணிப்பு. இரக்கத்தில் அது ஒரு வகை. பவுனுவுக்கு வயது பதிமூன்று.

ஆட்களை லாரி ஓட்டப் பழக்கினார்கள். செங்கோடனையும் ஏற்றி உட்கார வைத்தார்கள். வண்டி நகர்ந்ததும் அவனுக்குக் கை பரபரத்தது. லாயம் எதிரே வந்தபோது, கடிவாளத்தை இழுப்பதுபோல் கையிலிருந்த சக்கரத்தை நெஞ்சோடு சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டு, “ஹோ… ஹோ…” என்று கத்தினான். லாரி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. லாயத்துச் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே போய்ப் புல்லுக்கட்டில் முட்டி நின்றது.

“அண்ணே, அதுக்குக் கொள்ளு வெச்சீங்களா?” என்று கேட்டுக் கூட இருந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். செங்கோடனும் சிரித்தான். இன்னும் இரண்டு தடவை ஏற்றிப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போகலாம் என்று சீட்டைக் கொடுத்துவிட்டார்கள்.

போகிறதற்கு முன் அவனுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. பழைய கல்லாங்குழி ஒன்றின் ஓரத்தில் வைத்து அந்த வயதான மிருகங்களைச் சுட்டார்கள். கடைசி நேரத்தில் மிருகம் மிரளாமல் இருக்க வேண்டும். அதற்குச் செங்கோடனை விட்டால் ஆள் கிடையாது. ஒவ்வொன்றின் தலைக்கயிற்றையும் அவன்தான் பிடித்தான். எப்போதும்போல் காதருகே வாயை வைத்து, “ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல” என்பான். அது காதைத் தொங்கவிட்டு அமைதியாக நிற்கும். பதினான்கு உயிர்கள் அப்படி அவன் பேச்சை நம்பி நின்றன. பதினைந்தாவதாகப் பவுனுவைக் கொண்டுவரச் சொன்னார்கள். அவன் மண்ணில் உட்கார்ந்து கம்பெனிக் காப்டன் துரையின் பூட்ஸைப் பிடித்துக்கொண்டான்.

காப்டன் கெட்ட மனிதர் இல்லை. துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு ஒரு காகிதம் எழுதினார். “இந்தக் குதிரையை விற்கமாட்டேன், வண்டியில் பூட்டமாட்டேன், என்னால் வைத்துக் காப்பாற்ற முடியாமல் போனால் பட்டாளத்திடமே கொண்டுவந்து ஒப்படைப்பேன்” என்று அதில் இருந்தது. கீழே அவர் கையெழுத்துப் போட்டார், செங்கோடன் பெருவிரலை உருட்டினான். அந்தக் காகிதத்தை எட்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர்க் கணவாய், சேலம் என்று பதினொரு நாள் பவுனுவோடு நடந்து ஊர் வந்தான். வழியில் ஒரு தடவைகூட அவள்மேல் ஏறவில்லை.

வாசலில் நின்று பார்த்த பெருமாயி இடுப்பில் கையை வைத்தாள்.

“ஆளு வந்து சேந்தாப் போதும்னு இருந்தனுங்க. சக்களத்தியையும் கையோட கூட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?”

சொன்னாளே தவிர, குடத்துத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றியதும் அவள்தான். மகள் உண்ணாமலைக்குப் பதினாறு வயது. அன்றே சோளத்தட்டை நறுக்கிப் போட்டு, பவுனுவின் நெற்றியைத் தடவிக்கொடுத்துச் சிநேகம் பிடித்துவிட்டாள்.

உண்ணாமலையைப் பெருமாயியின் அண்ணன் தீர்த்தகிரியின் மகனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. பரிசம் போட நாள் குறிக்கத் தீர்த்தகிரி வந்தார். மாட்டுத் தாவணிகளில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. மாட்டின் உடம்பில் எந்த இடத்தில் மயிர் சுழித்திருக்கிறது, அந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார். வந்தவர் கட்டுத்தறியில் நின்ற பவுனுவைப் பார்த்தார், சுற்றி வந்தார், முதுகில் கையை வைத்தார். முகம் மாறிப் போயிற்று.

“மாப்ள, இதை யாரு பாத்து வாங்குனது?”

“வாங்கலீங்க மச்சான். பட்டாளத்துல குடுத்தது.”

“குடுப்பாங்க, குடுப்பாங்க. இங்க வா, கைய வெய்யி. தெரியுதா? நடு முதுகுல அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. பாடைச் சுழி.”

பாடைச் சுழி உள்ள மிருகம் நிற்கிற வீட்டிலிருந்து வருஷத்துக்குள் ஒரு பிணம் போகும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. ஒன்பது வருஷம் அந்தச் சுழிகள் சேணத்துக்கு அடியில் இருந்தன. பட்டாளத்தில் எவனும் அவற்றைத் தேடவில்லை.

“ஒம்பது வருசம் எங்கூட இருந்தா. அங்க ஒருத்தரும் சாவலீங்களே?”

“அது ஊடா மாப்ள? பட்டாளம். சாவறதுக்குன்னே சோறு போட்டு வெச்சிருக்கற எடம்.” தீர்த்தகிரி சிரிக்கவில்லை. “நானும் உன்னாட்டம் பேசுனவன்தான். இந்தச் சுழியோட ஒரு எருதைப் பாக்காம புடிச்சாந்தேன். ஏழாம் மாசம் எம் மொதத் தாரம் போயிட்டா. அதுக்கப்புறந்தான் சுழி பாக்கவே கத்துக்கிட்டேன். எம் பையனுக்குப் பொண்ணெடுக்கற ஊட்டுல இது நிக்கக் கூடாது. ஒண்ணு, எங்கியாச்சும் ஓட்டிவுடு. இல்லீனா சூடு வெச்சுச் சுழிய அழிச்சுரு. அழிச்சுட்டா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

செங்கோடன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. விற்கமாட்டேன் என்று எழுதிக்கொடுத்திருக்கிறான். ஓட்டிவிட்டால் எவனாவது பிடித்து வண்டியில் பூட்டுவான். மகள் கல்யாணத்தைக் கெடுத்துக்கொள்ளவும் முடியாது. ஊரில் எத்தனை எருதுகள் சூடு வாங்கிக்கொண்டு மறுவாரம் ஏர் இழுக்கின்றன! ஒரு நிமிஷ வலி, அதோடு அவள் ஆயுசுக்கும் இங்கேயே இருக்கலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

குறித்த நாளில் தீர்த்தகிரி சூட்டுக்கோலோடு வந்தார். வறட்டி நெருப்பில் அது பழுத்துக்கொண்டிருந்தது. எருதுக்குச் செய்வதுபோல் நாலு காலையும் கட்டிச் சாய்த்துப் போட்டுவிடலாம், ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறேன் என்றார். செங்கோடன் தடுத்துவிட்டான்.

“கட்ட வேண்டாங்க மச்சான். நாஞ் சொன்னா நிப்பா. நானே வெக்கறேன்.”

இதுதான் அவன் செய்த தப்பு. அன்பு என்றும் சொல்லலாம், பெருமை என்றும் சொல்லலாம். முன்பின் தெரியாத நாலு பேர் கட்டிப்போட்டுச் சுட்டிருந்தால், அவள் அந்த நாலு பேரை வெறுத்துவிட்டுப் போயிருப்பாள். அவனோ காதருகே குனிந்து, “ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டுக் கோலை வைத்தான்.

மயிர் கருகும் நாற்றம் வாசல் முழுக்கப் பரவியது. பவுனுவின் தோல் அலை அலையாக நடுங்கியது. கழுத்தைத் திருப்பி அவனைப் பார்த்தாள். ஓடவில்லை, உதைக்கவில்லை. இன்னொரு சுழி பாக்கி இருந்தது. மறுபடியும் அதே வார்த்தையைச் சொல்லி, மறுபடியும் வைத்தான். இரண்டாவது தடவையும் நின்றாள். முதல் தடவையாவது தெரியாமல் நின்றாள் என்று வைத்துக்கொள்ளலாம். தெரிந்தும் அவள் நின்றதைத்தான் செங்கோடனால் தாங்க முடியவில்லை. தீர்த்தகிரிக்கே கண் கலங்கிவிட்டது.

“இப்பிடி ஒரு சீவன நான் பாத்ததில்ல மாப்ள,” என்றார்.

பரிசம் போட்டார்கள். ஐப்பசி மழையில் பவுனுவின் முதுகுப் புண் சீழ் பிடித்துப் புழு வைத்தது. செங்கோடன் வேப்பெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சினான். ஆனால் பூசியது உண்ணாமலை. அவன் பக்கத்தில் போனால் பவுனு கயிறு இறுகும் மட்டும் பின்வாங்கினாள். வெறுங்கையோடு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், கையில் ஏதாவது இருந்தால், அது சோளத்தட்டாகவே இருந்தாலும், நடுங்குவாள். “ஒண்ணுமில்ல சாமி” என்று அவன் வாயிலிருந்து வந்துவிட்டாலோ, கண்ணின் வெள்ளை தெரிய மிரள்வாள். அந்த வார்த்தைக்குப் பிறகு என்ன வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. செங்கோடன் அவளிடம் பேசுவதையே விட்டுவிட்டான். நாளானால் பழையபடி ஆகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

புண் ஆறி, முதுகில் இரண்டு இடத்தில் தோல் மொழுமொழுவென்று நின்றது. தை மாதம் உண்ணாமலை கல்யாணமாகி மாமன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பவுனுவுக்குத் தீனி போடுவது பெருமாயியின் வேலை ஆயிற்று. “சக்களத்திக்கு நான் சேவகம் பண்ணோணும்னு என்ற தலையில எழுதியிருக்குது,” என்று முணுமுணுத்துக்கொண்டே போடுவாள்.

இப்படி மூன்று வருஷம் ஓடிற்று. அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. சோளம் கதிர் பிடிக்காமலே காய்ந்தது. ஊரில் பாதி மாடு கைமாறிப் போய்விட்டது. செங்கோடன் மஞ்சள் காட்டுக் கூலிக்குப் போனான். கூலியாகக் கிடைத்ததில் பவுனுவுக்கு ஒரு பங்கு போனது, ஆனாலும் அவள் விலா எலும்பை எண்ணிவிடலாம் போல் இருந்தாள். கிழக்கே பர்மாவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் பெங்களூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் படித்துச் சொன்னார்.

பழைய காப்டன் துரை இப்போது மேஜர். மலையிலும் சேற்றிலும் லாரி ஏறவில்லை, கோவேறு கழுதைக் கம்பெனிகளை மறுபடியும் சேர்க்கிறோம், பழைய ஆட்கள் வேண்டும் என்று எழுதியிருந்தார். சூரமங்கலத்தில் ரயிலடிக்குப் பக்கத்தில் மிருகங்களைச் சேர்க்கும் கொட்டகை போட்டிருக்கிறோம், நாற்பத்தேழாம் நம்பர் உயிரோடு இருந்தால் கூட்டிக்கொண்டு வா, சண்டைக்கு அனுப்ப மாட்டோம், புதுக் கோவேறு கழுதைகளைப் பழக்க வயதான மணிக்குதிரை ஒன்று வேண்டும் என்றும் இருந்தது. அங்கே தானியம் உண்டு, வைத்தியர் உண்டு.

செங்கோடன் அந்தக் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வேண்டாம் என்று துரத்தியவர்களே கூப்பிடுகிறார்கள். அவள் பிழைத்துக்கொள்வாள்.

பெருமாயி பவுனுவைக் குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சள் வைத்தாள். “போயிட்டு வா ஆத்தா. அங்கியாச்சும் வவுறு நெறையத் தின்னு,” என்றவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் நடை. செங்கோடன் கயிற்றின் நுனியைப் பிடித்து முன்னால் போனான், பவுனு கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தள்ளி வந்தாள். சூரமங்கலத்துக் கொட்டகையில் பழகாத கோவேறு கழுதைகள் முப்பது, மூங்கில் பட்டிக்குள் ஒன்றையொன்று உதைத்துக்கொண்டு நின்றன. மேஜர் நடையை எட்டிப் போட்டு வந்தார்.

“நாற்பத்தேழு! உயிரோட இருக்கா!” என்று பட்டாளத்துத் தமிழில் கத்தினார்.

மிருக வைத்தியர் பல்லைப் பார்த்தார், குளம்பைத் தட்டினார், முதுகுக்கு வந்ததும் கை நின்றது.

“யார் செய்தது?” என்று மேஜர் கேட்டார்.

“நானுங்க துரை.”

“நீயா? ஏன்?”

என்னவென்று சொல்வான்! “எம் பொண்ணு கண்ணாலத்துக்குங்க,” என்றான். மேஜருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்தார். வைத்தியர், மணிக்குதிரைமேல் இங்கே யாரும் ஏறப்போவதில்லை, முதுகு எப்படி இருந்தால் என்ன, காலும் மூச்சும் நன்றாக இருக்கின்றன என்றார். செங்கோடனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஒரு ஹவில்தார் தோல் பட்டையில் கோத்த மணியைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தான். “நீயே கட்டிக் கூட்டிக்கிட்டுப் போ. பின்னால வருதுங்களான்னு பாக்கலாம்.”

மணி கிணுகிணுத்தது. பவுனு காதை நிமிர்த்தினாள். மூன்று வருஷமாகக் கேட்காத சத்தம். தானாகவே ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தாள். பட்டிக்குள் முப்பது தலைகளும் அவள் பக்கம் திரும்பின. இதோ, அவ்வளவுதான், கட்டிவிட்டால் முடிந்தது. செங்கோடன் பட்டையை அவள் கழுத்துக்கு உயர்த்தினான். பதினெட்டு வருஷப் பழக்கம், மனசை முந்திக்கொண்டு வாய் பேசிவிட்டது.

“ஒண்ணுமில்ல சாமி.”

பவுனு பின்னங்காலில் எழும்பி அலறினாள். கயிறு அறுந்தது. அவள் அலறலில் முப்பது கோவேறு கழுதைகளும் மிரண்டு மூங்கில் பட்டியை முறித்துக்கொண்டு தறிகெட்டு ஓடின. இரண்டு சிப்பாய்கள் மிதிபட்டு விழுந்தார்கள். எல்லாவற்றையும் பிடித்துக் கட்ட வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

மேஜர் கோபிக்கவில்லை. “மணிக்குதிரை பயந்தா கூட்டமே பயப்படும். இது இங்க ஆகாது, செங்கோடா. ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ,” என்றார்.

வீட்டில் சோளத்தட்டு ஒரு கட்டுக்கூட இல்லை. வரும் வழியில் பவுனு சாலையோரத்துக் காய்ந்த கோரையைத் தின்றதை அவன் பார்த்திருந்தான். இன்னும் இரண்டு மாதத்தில் அவள் தானாகவே கட்டுத்தறியில் விழுவாள். விழுந்து, எழ முடியாமல், அவன் தூக்க வந்தால் அவனைப் பார்த்து நடுங்குவாள். செங்கோடன் இடுப்பிலிருந்து அந்த எட்டு மடிப்புக் காகிதத்தை எடுத்து நீட்டினான்.

“வெச்சுக் காப்பாத்த முடியலீங்க துரை.”

மேஜர் அதைப் பிரித்துத் தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு சரியென்று தலையை ஆட்டினார்.

பவுனுவைக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனார்கள். செங்கோடன் வழக்கம்போல் தலைக்கயிற்றைப் பிடிக்கப் போனான். பவுனு கயிற்றோடு ஆளையும் இழுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

“நீ தள்ளிப் போயிரு,” என்றார் மேஜர் மெதுவாக. “உன்னைக் கண்டா அது நிக்காது.”

ஒரு பஞ்சாபிச் சிப்பாய் வந்து கயிற்றை வாங்கிக்கொண்டான். அவள் பெயர் அவனுக்குத் தெரியாது. வாய்க்குள் ஏதோ சீட்டி அடித்தான், நெற்றியைச் சொறிந்து கொடுத்தான். பவுனு காதைத் தொங்கவிட்டு அமைதியாக நின்றாள். செங்கோடன் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, வாயிலிருந்து ஒரு சத்தமும் வந்துவிடாதபடி இரண்டு கையாலும் இறுகப் பொத்திக்கொண்டான். அவளுக்காக அவனால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். துப்பாக்கிச் சத்தம் ஒரு தடவைதான் கேட்டது.

சாயங்காலம், கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, எழுத்தர் மேஜையில் பெரிய பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டார். பக்கத்தில் மேஜர் நின்றார்.

“கோவேறு கழுதைக் கம்பெனிதானே? எழுதிக்கட்டுமா?”

“வேண்டாங்க. லாரியில போடுங்க.”

மேஜர் திரும்பிப் பார்த்தார். “உனக்குத்தான் லாரி வராதே, செங்கோடா?”

“கத்துக்கறனுங்க துரை,” என்றான் அவன். “லாரி நம்மள நம்பாதுங்களே.”

எழுத்தர் அப்படியே எழுதிக்கொண்டு, பெருவிரலை உருட்டச் சொல்லி மைப்பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினார்.